ஊஞ்சல் யாருக்கு?

கல்லிடைக்குறிச்சியில் பாட்டனார் காலத்து வீட்டுக்கு விலை பேசி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் முற்றத்தைச் சுற்றி வந்து, "கூடத்து ஊஞ்சலையும் விட்டுட்டுப் போயிருங்க அண்ணாச்சி" என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கும் வழி சொல்கிறது. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் கதவு, ஜன்னல், பூட்டு, சாவி என்று வீட்டின் நிரந்தரப் பயன்பாட்டுக்கு வைத்தவை எல்லாம் வீட்டோடு போய்விடும். கொக்கியில் தொங்கும் ஊஞ்சல் இதில் சேருமா என்று பின்னால் வழக்காடுவதைவிட, கிரய ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது.

"2023 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். தாமிரபரணிக் கரையில் அது நியாயமான கேள்வி. சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதே சட்டம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கேட்பதும் முறைதான்.

ஆனால், "பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு மட்டும் போடுவோம், மீதியைக் கையில தாரேன்" என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்றவர் தலையில்தான் விழும்.

முழுப் பணமும் வருமுன்னே, "நல்ல நாள் பார்த்தாச்சு, பால் காய்ச்சணும், சாவி கொடுங்க" என்று கெஞ்சுவார்கள். பத்திரம் பதிவாகி, பணம் வங்கிக் கணக்கில் ஏறட்டும். அடுத்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.