வற்றினால்தான் வாழ்வு

இன்று கலிஃபோர்னியாவில் ஒரு புல்வெளிக்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே, டிக்சன் என்ற ஊருக்குத் தெற்கில் இருக்கிறது, ஜெப்சன் பிரெய்ரி. தாவரவியலாளர் வில்லிஸ் ஜெப்சனின் பெயர் தாங்கிய இடம்.

கோடையில் போனால் காய்ந்த புல்லும் பாளம் பாளமாக வெடித்த களிமண்ணும்தான் கண்ணில் படும். அந்தப் பக்கம் மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்று. பெய்த நீரைக் களிமண் கீழே இறங்க விடாது. பள்ளந்தோறும் குட்டை கட்டிவிடும். இங்கே பெரியது ஆல்காட் ஏரி. பெயர்தான் ஏரி, கோடையில் கால் நனையாமல் கடக்கலாம்.

ஜனவரி, பிப்ரவரியில் அதன் கரையில் நின்று கலங்கல் நீரை உற்றுப் பாருங்கள். கண்ணாடிபோல் உடல் கொண்ட ஃபேரி ஷ்ரிம்ப் என்னும் சிற்றுயிர் மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. அதன் பதினொரு ஜோடிக் கால்களே துடுப்பு. பாசித் துணுக்குகளை வடித்தெடுப்பதும் அவைதாம். கூடவே டாஃப்னியாக்கள், கோப்பிபாடுகள் என்னும் நுண்ணிய நீருயிர்கள். டாஃப்னியாவில் பெண், ஆணில்லாமலே பெண் குஞ்சுகளை ஈன்று பெருகும். குட்டை சுருங்கி நெரிசல் கூடினால் ஆண்களும் பிறக்கும். அப்போது கருவுறும் முட்டைகள் கெட்டியான உறைக்குள் அடைபடும்.

இவ்வளவு சிற்றுயிர்களை இங்கே தின்று தீர்க்க மீன் கிடையாது. ஆண்டுதோறும் வற்றும் குட்டையில் மீன் எப்படி நிலைக்கும்? ஆக, வறட்சிதான் இவற்றுக்குக் காவல். வாத்துகள் கொத்தித் தின்னத்தான் செய்யும். ஆனால் செரிக்காத முட்டைகளை அடுத்த குட்டைக்குச் சுமந்து போவதும் அவையே.

சேற்றில் தங்கிய முட்டைகள் பல ஆண்டு உயிரோடிருக்கும். மழை வந்ததும் எல்லாம் ஒருசேரப் பொரிவதில்லை. முதல் மழை ஏமாற்றிவிட்டால்? கையிருப்பு முழுவதையும் ஒரே போகத்தில் விதைக்காத உழவரைப்போல, ஒரு பங்கு மண்ணிலேயே காத்திருக்கும்.

ஏர் உழுதும் வீடு கட்டியும் கலிஃபோர்னியா இத்தகைய குட்டைகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. ஆல்காட் ஏரியில் வாழும் ஃபேரி ஷ்ரிம்ப் இனம் ஒன்றை 1994-இல் அமெரிக்க அரசு அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவித்தது.

போகிறவர்கள் மார்ச் கடைசியில் போங்கள்; வற்றும் கரையைச் சுற்றி மஞ்சள் பூக்கள் வளையமிடும். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். வெறும் காய்ந்த சேறு என்று நாம் மிதிப்பதில்தான் அடுத்த மழைக்கான முட்டைகள் கிடக்கின்றன.