கிணற்றடியில் நின்றவர்கள்

(நூற்றாண்டையொட்டி மருதனார்மடம் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தில் சங்கம் நடத்திய ஒருநாள் தியான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இன்று காலை இங்கே பாய் விரித்து, ஒரே வரிசையில் இருந்து சாப்பிட்டோம். முழங்கால் நோவென்று சிலர் கதிரை கேட்டதும் உண்மைதான். 1939இல் சேவக் செல்வரத்தினம் இந்த ஆச்சிரமத்தைத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒன்றாக இருந்து உண்பது சின்னக் காரியமாக இருக்கவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னர்தான் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்ற குரல் எழுந்தது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை வாங்கில் இருத்தியதற்காகச் சில பாடசாலைகள் கொளுத்தப்பட்டன.

தியான வேளையில் எங்களுக்கு நினைவு வந்தது எங்கள் விடுதிக் கிணறு. 1960களில் விடுதியில் இருந்தவர்களுக்கு அது தெரியும். விடியற்காலை இரண்டு பெண்கள் வந்து முற்றம் கூட்டுவார்கள், விறகு கொத்துவார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். யாராவது அள்ளி ஊற்றவேண்டும். நாங்கள் ஊற்றினோம், தர்மம் செய்கிறோம் என்ற நினைப்போடு. அவர்களே ஏன் அள்ளக்கூடாது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. யாக்கோபின் கிணற்றடியில் நின்ற சமாரியப் பெண்ணின் கதையைக் காலை ஜெபத்தில் மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகள் நாங்கள்! பல ஆண்டுகளின் பின் கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவலை வாசித்தபோதுதான் வெட்கம் வந்தது.

அந்தக் கிணற்றை இன்று எவரும் குடிக்க அள்ளுவதில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊற நேரம் இருந்தது. மிசின் வந்தபின் இறைப்பு கூடியது, உவர் ஏறியது. தோட்டத்துக்குப் போட்ட உரம் நைத்திரேற்றாகக் கீழே இறங்கியது. பிறகு, இங்கிருந்து கிட்டடியிலுள்ள சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று 2019இல் தீர்ப்பாயிற்று. அந்த நாட்களில் எங்களில் சிலர் வாளியோடு பவுசருக்காகக் காத்து நின்றோம். இன்னொருவர் தண்ணீர் ஊற்றும்வரை நிற்பது எப்படியிருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான். எங்களை எவரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லையே.

நூற்றாண்டு நினைவாக முன்வாசலில் வளைவு கட்டலாம் என்று வெளிநாட்டுக் கிளைகள் அன்போடு எழுதியிருக்கின்றன. வளைவு அழகாகத்தான் இருக்கும். செயற்குழுவில் இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின; குரலும் உயர்ந்தது. நாங்கள் கேட்பது வேறு. மண்டபக் கூரையில் விழும் மழையைப் பீலி வைத்துப் பிடித்து, மணல் வடியால் வடித்துக் கிணற்றுக்குள் விடவேண்டும். சேறு எடுத்து, தண்ணீரைப் பரிசோதிக்கவேண்டும். தண்ணீர் நல்லதென்று தெரிந்ததும் பின்படலையைத் திறந்துவிடவேண்டும். ஒழுங்கையில் உள்ளவர்கள் தாங்களே வந்து அள்ளட்டும். கிணற்றைப் பராமரிக்கும் குழுவிலும் அவர்கள் இருக்கட்டும்.

அந்த இரண்டு பெண்களில் ஒருவரின் பேத்தி அதே ஒழுங்கையில் இருக்கிறார். எங்கள் பாடசாலையிலேயே படித்தவர், சங்கத்தில் மட்டும் சேரவில்லை. ஏனென்று கேட்கப் போனோம்.

“நீங்கள் ஒருநாளும் கூப்பிடவில்லையே, அன்ரி” என்றார்.

விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தோம். தேத்தண்ணி தந்தார், போத்தல் தண்ணீரில் போட்டது. படிவம் இன்னும் திரும்பி வரவில்லை.

கிணறு வற்றியிருக்கும் ஆவணியில்தான் சேறு எடுக்கலாம்; ஐப்பசியில் மழை பிடித்துவிடும். வளைவுக்கென அனுப்பிய பணத்தை இதற்கு மாற்றச் சம்மதமா என்று கிளைகள் ஆடி முடிவதற்குள் எழுதவேண்டும்.