கண்ணிலிருந்து வலிக்கு

பி.யு.சி. விலங்கியல் லேபில் என்னோடு தவளை அறுத்த தோழர்களே!

டாக்டரான புதிதில், என் அம்மாவின் முதுகுவலிக்கு, "ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான்" என்று சொல்லிட்டேன். அதன்பின் அம்மா வலி என்று வாய் திறக்கவே இல்லை.

என் தவறை எனக்கு உணர்த்தியது காதரின் புஷ்னெல் அம்மையாரின் ஆராய்ச்சி. முதலில் அவர் பார்வையை ஆராய்ந்தவர். குரங்கு கண்ணை அசைக்காமல் ஒரு ஒளிப்புள்ளியைக் கவனித்தாலே போதும், மூளையின் பரைட்டல் பகுதிச் செல்கள் கூடுதலாகச் செயல்படுகின்றன என்று 1981-இல் சகாக்களோடு எழுதினார். பிறகு வலிக்கு வந்தார். 1997-இல் வெளியான ஆய்வில், 47 டிகிரி வெந்நீரில் கை வைத்தவர்களுக்கு, ரெயின்வில், புஷ்னெல் குழுவினர் ஹிப்னாடிசத்தால் வேதனையை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். சூடு அதேதான். ஆனால் மூளையின் முன் சிங்குலேட் பகுதியின் இயக்கம் வேதனைக்கேற்ப மாறியது!

பார்த்தீங்களா, மனசு என்றால் பொய் என்று அர்த்தமில்லை. அம்மா இன்று இல்லை. ஸ்கேனைப் பிரிக்கும் முன் நோயாளியிடம் கேட்கிறேன்: "இந்த வலி உங்களை என்ன பாடு படுத்துது, சொல்லுங்க."