ராத்திரியில் தூங்கவிடாத பூனை



மாடு, ஆடு, கோழி இவற்றைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் பூனையைப் பற்றிப் பேசப்போகிறேன். "பூனைக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று சிரிக்க வேண்டாம். பகலெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்து, இடுப்பொடிய வந்து படுத்திருப்பீர்கள். நடுச்சாமத்தில் அடுக்களையில் சட்டி உருளும். பிறகு கதவைப் பிறாண்டும் சத்தம். கொஞ்சம் கண்ணயர்ந்தால் கால்மாட்டில் ஏறிப் பெருவிரலைக் கடிக்கும். விடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்போதே தலைமாட்டில் வந்து நின்று கத்தும். நாலு ராத்திரி இப்படிப் போனால் ஐந்தாம் நாள் நாம் என்ன செய்கிறோம்? சாக்கைத் தேடுகிறோம். அந்தச் சாக்கை எடுப்பதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த ஊரில், ஒரு பெரியவர் காலையில் ஒரு கூடையோடு வந்து நின்றார். கூடைக்குள் பழைய துணி. துணிக்குள் மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பூனைக்குட்டி.

"டாக்டரய்யா, பெரிய தப்புப் பண்ணிட்டேங்க" என்றார்.

நடந்தது இதுதான். அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை உள்ளறையில் அடுக்கியிருக்கிறார். திருட்டுப் பயத்தில் ராத்திரியானால் அந்த அறையைப் பூட்டிவிடுவார். அன்றிலிருந்து வீட்டுப் பூனை ராத்திரி முழுக்க அந்தக் கதவைப் பிறாண்டுவதும் கத்துவதுமாக இருந்திருக்கிறது. விரட்டினார். குச்சியால் அடித்தார். தண்ணீர் ஊற்றினார். எதற்கும் அது அடங்கவில்லை. கடைசியில் சாக்கில் பிடித்துக் கட்டி, ரெண்டு ஊர் தள்ளி விட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்றாம் நாள் அவர் வீட்டம்மாவுக்கு உள்ளறைப் பரணிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் கேட்டிருக்கிறது. ஏறிப் பார்த்தால் மூன்று குட்டிகள். ரெண்டு செத்துக் கிடந்தன. தாய்ப்பூனை கதவைப் பிறாண்டியது எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. உடனே போய்த் தேடியிருக்கிறார். விட்ட இடத்தில் அது இல்லை.

உயிரோடு இருந்த குட்டிக்கு வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்துச் சூடு கொடுத்தோம். பிறகு அதே தெருவில் குட்டி போட்டிருந்த வேறொரு பூனையிடம் சேர்த்துவிட்டோம். நல்ல வேளை, அது ஏற்றுக்கொண்டது. குட்டி பிழைத்து, அதே பெரியவர் வீட்டில்தான் வளர்ந்தது. ஆனால் அது வளர்ந்து எலி பிடிக்கிற வரைக்கும் உள்ளறையில் எலியின் ராஜ்ஜியம்தான். விதைக்கு வைத்திருந்த கடலையிலேயே புகுந்துவிட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பூனை காரணமில்லாமல் ராத்திரியில் கத்துவதில்லை. மாடு தீனி எடுக்கவில்லை என்றால் ஏன் என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோலப் பூனை கத்தினாலும் ஏன் என்று பார்க்க வேண்டும். காரணம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

முதலில் அதன் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பூனைக்குச் சுறுசுறுப்பான நேரம் அந்தியும் விடியற்காலையும். அதன் இரை நடமாடுகிற நேரம் அது. நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குகிற பிராணி. நாமெல்லாம் வயலுக்குப் போனபின் பகல் முழுக்கத் திண்ணையில் தூங்கிவிட்டால், நாம் படுக்கிற நேரத்தில் அது எழுந்து சோம்பல் முறிக்கும். இந்தச் சுபாவத்தை அடியோடு மாற்ற முடியாது. ஆனால் நம் வீட்டு நேரத்துக்குக் கொஞ்சம் வளைக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

ஒன்று, தீனி. பல வீடுகளில் பூனைக்கு மிஞ்சிய தயிர்சாதம்தான். பூனை மாமிச பட்சிணி. வெறும் சோற்றில் வயிறு நிறையும், ஆனால் உடம்புக்குக் காணாது. மீன், கறி, எலி இவற்றில் இருக்கும் டாரின் என்ற சத்து பூனைக்குக் கட்டாயம் வேண்டும். அது நெடுநாள் கிடைக்காவிட்டால் கண் பார்வையும் இருதயமும் கெடும். அதனால் மீன் தலையோ, கோழிக் குடலோ வேகவைத்து, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் போடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பாலும் எல்லாப் பூனைக்கும் ஒத்துக்கொள்ளாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் குடித்தால் வயிறு போகும். வயிற்றைக் கலக்கினாலும் அது ராத்திரியில் கதவைத்தான் பிறாண்டும்.

தீனி போடுகிற நேரம் ரொம்ப முக்கியம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டுவிட்டால் நடுச்சாமத்தில் பசிக்கும். பெரிய வேளைத் தீனியை நீங்கள் படுக்கப்போகும் நேரத்துக்குத் தள்ளுங்கள். சட்டி உருளுவதற்கும் ஒரு வழி உண்டு. மீன் சட்டியை மூடாமல் வைத்துவிட்டுப் பூனையைத் திட்டுவதில் நியாயமில்லை. கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுங்கள்.

இரண்டு, விளையாட்டு. சின்ன வயசுப் பூனைக்கு இது அவசியம். தீனி போடுவதற்கு முன்னால் ஒரு கயிற்று நுனியில் கோழி இறகையோ, சோளத் தட்டையையோ கட்டி, பத்துப் பதினைந்து நிமிஷம் தரையில் இழுத்துக் காட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள். பாய்ந்து பிடித்து, பிறகு தின்று, உடம்பை நக்கிச் சுத்தம் பண்ணி, அப்புறம் தூங்குவது பூனையின் வழக்கம். அந்த வரிசையை நாமே உண்டாக்கிவிடுகிறோம். ஆனால் கையையும் காலையும் காட்டி விளையாடப் பழக்காதீர்கள். பகலில் விரலைக் கடிக்கப் பழகியது ராத்திரியிலும் கடிக்கும்.

மூன்று, வெளிக்குப் போக வழி. ராத்திரியில் அடைத்து வைத்தால் அது எங்கே போகும்? உடைந்த பேசினில் மணல் நிரப்பி ஒரு மூலையில் வையுங்கள். தினமும் அள்ளிப் போடுங்கள். ஒரு சட்டியில் தண்ணீரும் இருக்கட்டும்.

நான்கு, உங்கள் பழக்கம். பூனை கத்துகிறது, நீங்கள் எழுந்து ஒரு துண்டு கருவாடு போடுகிறீர்கள், அது அடங்குகிறது. நீங்கள் ஜெயித்ததாக நினைக்கிறீர்கள். ஆனால் பூனை கற்றுக்கொண்டது என்ன? 'கத்தினால் கருவாடு.' அடுத்த நாள் இன்னும் பலமாகக் கத்தும். அதனால் பசியும் நோயும் இல்லை என்று தெரிந்தபின் எழுந்திருக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். முதல் சில ராத்திரி முன்னைவிட அதிகமாகவே கத்தும். அங்கேதான் பலர் தோற்றுப்போகிறார்கள். பொறுத்துக்கொண்டால் மெள்ள மெள்ள விட்டுவிடும். அடித்தால் விடாது. அடி வாங்கிய பூனை பயந்து ஒளியும், கண்ட இடத்தில் மூத்திரம் பெய்யும், நம்மையே பிறாண்டும்.

இனி, பருவக் கத்தல். பசு பருவத்துக்கு வந்தால் கத்துவதில்லையா? பெட்டைப் பூனையும் அப்படித்தான். சில பூனைகள் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பிள்ளை அழுவதுபோல ராத்திரி முழுக்க இழுத்து இழுத்துக் கத்தும். தரையில் புரளும். ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். இணை சேராவிட்டால் ரெண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் வரும். இதைக் கேட்டு ஊர்க் கடுவன்களெல்லாம் உங்கள் கூரைமேல் வந்து சண்டை போடும். இதற்கு மந்திரமும் இல்லை, மாத்திரையும் வேண்டாம். கருத்தடை ஆபரேஷன் ஒன்றுதான் வழி. காளைக்குக் காயடிப்பதுபோலக் கடுவனுக்கும் செய்யலாம். ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும். ஈற்றுக்கு மேல் ஈற்று என்று குட்டிகள் பெருகி, அவற்றைச் சாக்கில் கட்டும் பாவமும் நமக்கு வராது. "ஆபரேஷன் பண்ணினால் எலி பிடிக்காதே?" என்று கேட்பார்கள். நன்றாகவே பிடிக்கும். எந்த கால்நடை மருத்துவமனையில் இதைச் செய்கிறார்கள் என்று உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

சில கத்தல்கள் நோயின் கத்தல். கடுவன் பூனை மூத்திரம் பெய்ய உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, ஒன்றும் வராமல் முனகினால் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். மூத்திரம் அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பத்து வயது தாண்டிய பூனை புதிதாக ராத்திரியில் கத்தத் தொடங்கினால், காது மந்தம், கண் மங்கல், சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். வலி என்று நினைத்து நாம் சாப்பிடுகிற பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எலி மருந்து விஷயத்திலும் கவனம் வேண்டும். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும். பூனை உள்ள வீட்டில் பொறி வையுங்கள், மருந்து வேண்டாம். தள்ளாடினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன மருந்து வைத்தீர்கள் என்று அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று. வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல, பூனைக்கும் வரும். மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, பிறகு டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போடுங்கள். சாதுவான பூனை திடீரென்று பாய்ந்து கடித்து, எச்சில் ஒழுகத் திரிந்தால் கிட்டே போகாதீர்கள். எந்தப் பூனை கடித்தாலும், பிறாண்டி ரத்தம் வந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தச் சாக்கு. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கொண்டுபோய் விடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், நன்றியையாவது நினைக்க வேண்டாமா? சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷத்துக்கு முன்னால் மனிதனும் பூனையும் பக்கத்துப் பக்கத்தில் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் வெளியிட்டார்கள். மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் மூட்டையைக் காக்கத்தான் அது ராத்திரியில் விழித்திருக்கப் பழகியது என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

அதனால் இன்றைக்கு ராத்திரி உங்கள் பூனை கத்தினால் முதலில் எழுந்து ஒரு முறை பாருங்கள். பசியா, பருவமா, நோயா, பூட்டிய கதவுக்குப் பின்னால் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெரியவர் இப்போதெல்லாம் உள்ளறையைப் பூட்டுவதற்கு முன்னால் டார்ச் விளக்கோடு பரணில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறாராம்.