வாளி தூக்க மட்டும்தான் நாங்களா?



2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. துறைமுகத் தரப்பில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த சில நாட்களில் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருஞ்சகதியாக வந்து அப்பியது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். எண்ணெய் கெட்டிப்பட்டுப் போயிருந்தது, குழாய் இழுக்கவில்லை. பிறகு எதைத் தேடினார்கள்? வாளியை! மாணவர்களும் மீனவர்களும் வரிசையில் நின்று கை மாற்றிக் கை மாற்றி அள்ளினார்கள். பத்திரிகைகள் படம் போட்டன, நாடே மெச்சியது. நானும் மெச்சுகிறேன். ஆனால் அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது யார்?

இந்த நாட்டில் எண்ணெய்க் கசிவுக்கென்று 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது, ஐயா! கடலோரக் காவல் படை அதற்குத் தலைமை. 700 டன் வரை கொட்டினால் சமாளிக்கும் கருவிகளைத் துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் நிறுவனங்களும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடு. எண்ணூரில் கொட்டியது 300 டன்கூட இல்லை. 700 டன்னுக்குத் தயாராக இருந்திருக்க வேண்டியவர்கள், மாணவன் கையில் வாளியைக் கொடுத்தார்கள்!

சரி, அதிலாவது பாடம் கற்றார்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை வந்தது. மறுபடியும் மீனவன் படகு, மீனவன் கை. வலையும் போய், தொழிலும் போய் நின்றவனையே கூப்பிட்டு, நீயே அள்ளு என்றார்கள்.

'பயிற்சியில்லாத கூட்டம் வந்தால் இடைஞ்சல்தான்' என்று சில அதிகாரிகள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை: பயிற்சியில்லாமல் இறங்குவது ஆபத்துதான். 2007-இல் தென்கொரியாவின் தேயான் கரையில் 10,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியது. 10 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் திரண்டு, பாறை பாறையாகத் துடைத்தார்கள். பிறகு துப்புரவில் இறங்கியவர்களிடம் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுக் கோளாறு என்று மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்தன. கச்சா எண்ணெயின் ஆவியில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் தருவது. அப்படியென்றால் ஆளை விரட்டுவதா நியாயம்? பயிற்சி கொடுப்பதா நியாயம்?

அலாஸ்காவைப் பாருங்கள். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, கொட்டிய எண்ணெய் அங்கிருந்த மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. இன்று அங்கே எண்ணெய் முனையத்தை நடத்தும் நிறுவனமே நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகளை ஒப்பந்தத்தில் வைத்து, ஆண்டுதோறும் பயிற்சி கொடுத்து, அதற்குக் காசும் கொடுக்கிறது. கம்பெனியைக் கண்காணிக்க ஊர்க்காரர்களின் குழு இருக்கிறது. அதன் செலவும் எண்ணெய்க்காரன் தலையில்!

நாம் கேட்பது அதைத்தான். தொண்டு நிறுவனமும் வரட்டும், மாணவர் அமைப்பும் வரட்டும், தனியார் துப்புரவுக் கம்பெனியும் வரட்டும். ஆனால் கசிவுக்கு முன்னால் வரட்டும்! எந்தக் குப்பத்தில் எத்தனை படகு, யாருக்குப் பயிற்சி, எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவை எந்தக் கிடங்கில் என்பது இப்போதே எழுத்தில் இருக்கட்டும். அதற்கான செலவுப் பில் எண்ணெயைக் கொட்டியவன் பெயருக்குப் போகட்டும்.

தம்பிகளே, நாளை மறுபடியும் 'தன்னார்வலர் தேவை' என்று அழைப்பு வந்தால் போங்கள், தயங்காதீர்கள். ஆனால் கையுறை எங்கே, முகக்கவசம் எங்கே, மீனவனுக்குக் கூலி எவ்வளவு, காப்பீடு யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு அப்புறம் வாளியைத் தொடுங்கள்!