கீழ்த்தளத்தில் புகைந்த டம்ளரும் போடிமெட்டு ஜீப்பும்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் தானாகவே புகைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் தீ வைக்கவில்லை. நம் இளைஞர் ஒருவர் தன் காருக்கு ஃபைபரில் ஸ்பீக்கர் பெட்டி செய்ய ரெசின் கலக்கி வைத்துவிட்டு, பிரஷ் எடுக்க மாடிக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் டம்ளர் உருகி, புகை கிளம்பிவிட்டது. நம் காவலாளி அதை மண்வெட்டியில் ஏந்தி வெளியே மணலில் கொண்டுபோய் வைத்தார். அவருக்கு முதலில் நாம் நன்றி சொல்ல வேண்டும். அந்த இளைஞர் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்.

இதையொட்டி, 'வளாகத்துக்குள் கார் வேலை எதுவுமே கூடாது' என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நானும் இந்த வேலையைச் செய்து பார்த்தவன் என்பதால், ஓட்டெடுப்புக்கு முன் கொஞ்சம் பேசச் சொன்னார் செயலாளர். நான் படித்தது பி.காம். வேதியியல் அல்ல. ஆகவே செய்து பார்த்ததையும், தவறு செய்து கற்றதையும் மட்டும் சொல்கிறேன்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் சொந்த ஊரான போடிநாயக்கனூரில். போடியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் மலை ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில், 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு மேல் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலக்காய்த் தோட்டங்கள். என் மைத்துனரும் ஒரு பழைய ஜீப் வைத்து அந்தத் தடத்தில் ஓட்டுகிறார்.

மலையில் வண்டியின் உள்பகுதி படும் பாடு நமக்குப் புரியாது. மழைக்காலம் முழுக்க ஈரம். ஆட்கள் நனைந்த சாக்கோடு ஏறுவார்கள். கதவின் உள்பலகை ஹார்டுபோர்டு என்றால் ஊறி உதிரும். பிளைவுட் என்றால் பொருமும். ரெக்சினுக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வண்டிக்குப் புதுப் பாகம் கேட்டால் கடையில் கிடைக்காது. அந்த இடத்துக்கு ஃபைபர் பொருத்தமான பொருள். தண்ணீரில் ஊறாது, துருப்பிடிக்காது, வேண்டிய வடிவத்தில் வார்க்கலாம்.

ஃபைபர் ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் 1953இல் வந்த கொர்வெட் காரின் உடல் முழுவதும் ஃபைபர்தான். நம் நாட்டில் 1982இல் பெங்களூருவில் வெளிவந்த சிபானி டால்ஃபின் காரும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை எங்கும் ஃபைபர் படகுகள் பெருகியதை நாம் கண்ணால் பார்த்தோம். கடல் தாங்குகிற பொருள் காருக்குள் தாங்காதா என்று கேட்பீர்கள். தாங்கும். ஆனால் பொருள் தாங்கினால் போதாது. அதைப் பிடித்திருக்கும் இடமும் தாங்க வேண்டும். நான் சொல்ல வந்த விஷயமே அதுதான்.

மைத்துனர் தன் ஜீப்பில் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தட்டு வேண்டும் என்றார். ரசீதுப் புத்தகம், போன், தேநீர் பிளாஸ்க் வைப்பதற்கு. ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தோம். பார்க்க அவ்வளவு அழகு. பட்டி பார்த்து, கறுப்பு பெயிண்ட் அடித்து, கம்பெனியிலிருந்தே வந்தது போல இருந்தது. இரண்டு ஸ்குரூ போட்டுத் தரைத் தகட்டில் முடுக்கிக் கொடுத்தார்கள். நாங்களும் அழகைப் பார்த்துப் பணம் கொடுத்தோமே தவிர, ஸ்குரூவைப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு மாலை, மலை இறங்கும்போது நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் ஐந்து பேர். ஒரு வளைவில் எதிரே லாரி வர, மைத்துனர் பிரேக்கை அழுத்தினார். ஸ்குரூ ஓட்டையைச் சுற்றி ஃபைபர் பிய்ந்து, தட்டு முன்பக்கம் எகிறியது. பிளாஸ்க் உருண்டு அவர் காலடிக்குப் போனது. அடுத்த முறை பிரேக்கை அழுத்தியபோது பெடல் பாதியிலேயே நின்றது. அடியில் பிளாஸ்க்.

வண்டியை மலைப்பக்கத்து ஓடையில் இறக்கி, கைப்பிரேக்கைப் பிடித்து எப்படியோ நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சொன்னார்: "ஏ தம்பி, மொதல்ல அந்த டப்பாவைத் தூக்கி வெளியே போடு." தூக்கிப் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றேன். போடியில் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்யும் ஒரு தம்பி சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டம்ளர் ஏன் புகைந்தது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

ஃபைபர் என்பது இரண்டு பொருளின் கூட்டு. ஒன்று கண்ணாடி இழைப் பாய். கடையில் 'மேட்' என்று கேட்டால் தருவார்கள். இன்னொன்று பாலியெஸ்டர் ரெசின். தேன் போல இருக்கும், ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கும். ரெசின் தானாக இறுகாது. கோபால்ட் என்ற ஊதா நிற முடுக்கியைச் சிறிதளவு சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். பல கடைகளில் அது சேர்த்தே வரும், கேட்டு வாங்குங்கள். கடைசியாக ஹார்டனர், அதாவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு போதும். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்த்தால் அந்த இடத்திலேயே தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் போதும்.

ஹார்டனர் சேர்ந்ததும் ரெசின் இறுகத் தொடங்கும். இறுகும்போது சூடு கிளம்பும். மெல்லிய படலமாகப் பரப்பியிருந்தால் சூடு காற்றில் போய்விடும். ஆழமான டம்ளரில் மொத்தமாக வைத்திருந்தால் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும். அதனால் இன்னும் சூடு ஏறும். வட்டிக்கு வட்டி போல. நம் டம்ளர் புகைந்தது இதனால்தான்.

வங்கிப் பழக்கத்தில் நான் ஒவ்வொரு கலவையையும் நோட்டில் எழுதி வைத்தேன். போடியில் ஏப்ரல் மதியத்தில் நூறு கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் ஹார்டனர் சேர்த்தது 12 நிமிடத்தில் கெட்டியானது. அதே கலவை டிசம்பர் காலையில் மலை மேல் முக்கால் மணி நேரம் எடுத்தது. வெயிலில் அளவைக் குறைக்க வேண்டும், குளிரில் அவசரப்படக் கூடாது. சிறு சிறு அளவாகக் கலக்க வேண்டும்.

இனி செய்முறை. முதலில் அட்டையில் வெட்டி, வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். கியர் எல்லா நிலைக்கும் போகிறதா, இருக்கை நகர்கிறதா, கைப்பிரேக் முழுதாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அச்சு செய்ய வேண்டும். அச்சுக்கு பிளைவுட் நல்லது. தெர்மாகோலில் நேரடியாக இந்த ரெசினைத் தடவினால் அது கரைந்துபோகும். நான் ஒரு நாள் உழைப்பை அப்படித்தான் இழந்தேன். மூலைகளைக் கூராக விடாமல் விரல் பருமனுக்கு வளைத்துவிடுங்கள். கூரான மூலையில் மேட் படியாது, அடியில் காற்று நிற்கும், பிறகு அங்கேதான் உடையும்.

அச்சின் மேல் நாலைந்து முறை வாக்ஸ் போட்டு மெருகேற்றிய பின், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டிக் காற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். ரெசின் மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. கூடுதலாக ஊற்றினால் பலம் கூடாது, எடையும் நொறுங்கும் தன்மையும்தான் கூடும். ஓரங்களை உள்பக்கம் மடித்து வார்த்தால் தட்டு விறைப்பாக நிற்கும்.

போல்ட் வரும் இடங்கள்தான் முக்கியம். அங்கே இரண்டு அடுக்கு மேட் கூடுதலாக வைத்து, நடுவே ஒரு இரும்புத் தகட்டைப் புதைத்துவிட வேண்டும். அகலமான வாஷர் போட வேண்டும். முடிந்தவரை வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட் ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளையிட்டால் அடியில் ஒயரோ எரிபொருள் குழாயோ போகலாம். பொருத்திய பின் இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு அசைந்தால், பிரேக் போடும்போது கையோடு வந்துவிடும். தட்டின் விளிம்பும் உயரமாக இருக்கட்டும், பிளாஸ்க் உருளாமல் இருக்க.

முடித்தவுடன் வண்டிக்குள் வைத்துவிடாதீர்கள். முழுதாக இறுகாத ஃபைபரிலிருந்து ஸ்டைரீன் வாடை வந்துகொண்டே இருக்கும். பூட்டிய கார் வெயிலில் நின்றால் தலைவலிதான். சில நாள் வெயிலில் காயவைத்து, முகர்ந்து பார்த்து, வாடை போன பிறகு பொருத்துங்கள்.

இப்போது நம் புதிய கார்களுக்கு வருகிறேன். ஜீப்பில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். டேஷ்போர்டில், இருக்கையின் பக்கவாட்டில், கண்ணாடியை ஒட்டிய தூண்களில் 'ஏர்பேக்' அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற எழுத்து இருந்தால், அந்த இடத்தை ஃபைபரால் மூடக் கூடாது, அதன் மேல் எதையும் ஒட்டக் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் விரியும் பை, மேலே இருக்கும் துண்டை முகத்தின் மீதுதான் எறியும். இன்னொன்று, சாதாரண ரெசினில் செய்த பாகம் தீப்பிடித்தால் கறும்புகையோடு எரியும். கம்பெனிப் பாகங்கள் தீ பரவும் வேகத்துக்கான சோதனையில் தேறி வருகின்றன; நாம் செய்வது அப்படி வருவதில்லை. ஆகவே ஹீட்டர், ஒயர்க் கட்டு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஒரு சிறு தட்டு வேறு. இருக்கையைக் கூட்டுவதும் உடலமைப்பை மாற்றுவதும் வேறு.

கடைசியாக, நம் தீர்மானம். எல்லாவற்றையும் தடை செய்தால் என்ன நடக்கும்? பிள்ளைகள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் கலக்குவார்கள். அது கீழ்த்தளத்தைவிட மோசம். நான் மாற்றாக நான்கு விதிகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: ரெசின் கலப்பதும் வார்ப்பதும் வளாகத்துக்குள் எங்கேயும் கூடாது, மொட்டை மாடியும் பால்கனியும் சேர்த்துத்தான். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழ்த்தளத்தில் தேங்கி நிற்கும், தீப்பொறி பட்டால் பற்றும். அந்த வேலையைப் பட்டறையிலோ வெளியே திறந்த இடத்திலோ செய்யட்டும். துணி முகக்கவசம் அந்த ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான வடிகட்டி உள்ள கவசமும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

இரண்டு: ஹார்டனரையும் கோபால்ட்டையும் வீட்டிலோ கார் டிக்கியிலோ சேமிக்கக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது அறவே கூடாது. இது குழந்தைகள் உள்ள இடம்.

மூன்று: உப்புத்தாள் தேய்ப்பதும் வெளியேதான், தண்ணீர் தொட்டு. கண்ணாடித் தூசு தோலில் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. மீதி ரெசினைச் சாக்கடையில் ஊற்றாமல், வெளியே மெல்லிய படலமாகப் பரப்பி இறுகவிட்டு, ஆறிய பிறகே குப்பையில் போட வேண்டும்.

நான்கு: செய்து முடித்துக் காய்ந்த பாகத்தைத் தன் நிறுத்துமிடத்தில் பகலில் பொருத்திக்கொள்ள அனுமதிக்கலாம். அதில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

என் மைத்துனரின் ஜீப்பில் இரண்டாவது தட்டு இன்றும் இருக்கிறது. அழகில் முதல் தட்டுக்கு அருகில் வராது. பட்டி சரியாகத் தேயவில்லை, ஒரு ஓரம் கோணல். ஆனால் நான்கு போல்ட்டில் நிற்கிறது. 'டப்பாவைத் தூக்கிப் போடு' என்ற அதே பெரியம்மா இப்போது ஏறியதும் தன் வெற்றிலைப் பையை அதில்தான் வைக்கிறார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது வரிசைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த ஸ்பீக்கர் பெட்டியை விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை என் நோட்டோடு வருகிறேன், வெளியே போய்ச் சேர்ந்து செய்வோம்.