தைப்பிங் கல்லறையும் நம் பாட்டன்மாரும்



சரித்திரப் பாடம் என்றாலே நம் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. ஆண்டை மனப்பாடம் செய்ய வேண்டியது, பரீட்சையில் எழுத வேண்டியது, மறந்துவிட வேண்டியது! ஆனால் தைப்பிங்கில், புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையில், அந்தப் பாடம் கல்லாகவே நிற்கிறது. போர்க் கல்லறையைத்தான் சொல்கிறேன். வண்டியில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள். மறுபக்கம் இந்து, முஸ்லிம் வீரர்கள். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். வடக்கிலிருந்து பின்வாங்கிய 11-வது இந்தியப் படைப்பிரிவு தைப்பிங்கில் சற்று மூச்சு வாங்கியது. போர் முடிந்த பிறகு, அங்கங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களை எடுத்துவந்து இங்கே சேர்த்தார்கள். மொத்தம் 800-க்கு மேல்.

மாணவர்களை அழைத்துப்போக நோட்டும் பென்சிலும் போதும். எந்தப் படை, எந்தத் தேதி, என்ன வயது என்று கல்லைப் பார்த்து எழுதச் சொல்லணும். தேதிகளை வரிசைப்படுத்தி, தேசப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழும்வரை போர் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பது புரியும். இருபது வயது, இருபத்திரண்டு வயது என்று படிக்கும்போது பையன்கள் தானாகவே அமைதியாகிவிடுவார்கள். அதட்ட வேண்டியதில்லை.

"பேரைக் காணோமே சார்?" என்று யாராவது கேட்பார்கள். 500-க்கு மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியவில்லை. அந்தக் கேள்வியை நாம் பிடித்துக்கொள்ளணும். பெயர் தெரியாத சிப்பாய்க்குக்கூட ஒரு கல் கிடைத்தது. நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோன ஜனங்களுக்கு?

1942, 43-ல் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி என்று ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 சமாதிகள் வரிசையாக இருக்கின்றன, எல்லாம் போர்க்கைதிகளுடையவை. நம்மவர்களுக்கு அந்த ஊரில் நடுகல் வைத்தது 2023-ல்தான்.

போய்வந்தவர்கள் அநேகமாக இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் வாயால் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். தாத்தா பாட்டிகளே, உங்க வீட்டிலிருந்து யார் போனாங்க, எந்தத் தோட்டம், என்ன வயசு, திரும்பி வந்தாங்களா, இந்த நாலையும் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்க. பெயரை மட்டும் அப்பா பெயரோடு சரியாகச் சொல்லுங்க. பிள்ளைகள் எழுத்துப்பிழை விட்டால் பரவாயில்லை. விடுமுறை முடிந்ததும் நோட்டுகளை நானே வாங்கிக்கொள்கிறேன்.